வாசகர் கேள்விகள்: செல்லுக்குள் இருக்கும் மதகு

கேள்வி: என் மூத்த மகனுக்கு 2 வயதில் இடது கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்றுநோய்) என்று கண்டுபிடித்தார்கள். 'ஆர்.பி. மரபணு கெட்டிருக்கிறது' என்கிறார்கள். ஒரு மரபணு கெட்டால் எப்படிப் புற்றுநோய் வரும்? கைக்குழந்தையான மகளுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: மகளுக்குப் பார்க்க வேண்டும், இந்த வாரமே. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையை ஓரம் வரை பார்க்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது.

இனி காரணத்துக்கு வருவோம். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்தாக வேண்டும். அதற்கான மரபணுக்களைத் தூண்டிவிடுவது ஈ2எஃப் என்ற புரதம். 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்.பி. மரபணு தரும் புரதம், இந்த ஈ2எஃப்பைப் பிடித்து வைத்திருக்கிறது; ஏரி மதகில் பலகை இறக்கியிருப்பதைப் போல. 'வளரலாம்' என்ற சமிக்ஞை வெளியிலிருந்து வந்தால் செல்லுக்குள் சைக்ளின் டி என்ற புரதம் சேரும். அது சிடிகே4, சிடிகே6 நொதிகளோடு இணைந்து ஆர்.பி. மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டும். பாஸ்பேட் ஏற ஏற ஆர்.பி.யின் பிடி தளரும், ஈ2எஃப் விடுபடும், படியெடுப்பு தொடங்கும். பிரிந்து முடிந்ததும் பாஸ்பேட்டுகள் கழன்று பலகை மறுபடி இறங்கும். பலகையே இல்லாத செல், யாரும் சொல்லாமலே பிரிந்துகொண்டிருக்கும்.

ஆர்.பி. மரபணு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றது சமாளிக்கும். இரண்டும் போனால்தான் கட்டி. அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் இதைக் கணக்குப் போட்டே ஊகித்தார். பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் ஒரு பிரதி பழுதாக இருந்தால், விழித்திரைச் செல் ஒன்றில் மற்ற பிரதியும் போக அதிக நாள் ஆகாது. அதனால்தான் பரம்பரை வகை சீக்கிரமே வருகிறது, பெரும்பாலும் இரு கண்ணிலும் வருகிறது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கும் அது பரம்பரை வகைதான். உங்கள் மகனுக்கு வந்தது எந்த வகை என்பது மரபணுப் பரிசோதனையில்தான் தெரியும். கட்டியின் மாதிரி இருந்தால் அதையும் அவன் ரத்தத்தையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. ரத்தத்தில் பழுது தெரிந்தால் அதே பழுது மகளுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முடிவு வரும்வரை அவள் கண் பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.

மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், 'வெளிச்சம் பட்டிருக்கும்' என்று விடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அந்த ஆர்.பி. புரதத்தை ஊசியாகவோ உணவாகவோ கொடுக்க முடியாதா?

பதில்: முடியாது. சாப்பிட்டால் மற்ற எந்தப் புரதத்தையும் போலச் செரித்துவிடும். ஊசியில் போட்டாலும் 928 அமினோ அமிலம் நீளமுள்ள அது தானாகச் செல் சவ்வைத் தாண்டாது. வேலையோ உட்கருவுக்குள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். பால்போசிக்லிப் என்ற மருந்தை 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தச் சொல்கிறார்கள். இடைவெளி விட்டால் நோய் வளராதா?

பதில்: அந்த 7 நாளும் சிகிச்சையின் பகுதிதான். இந்த மருந்து சிடிகே4, சிடிகே6 இரண்டையும் முடக்கி, ஆர்.பி. மேல் பாஸ்பேட் ஏறாமல் தடுக்கிறது. அதாவது மதகுப் பலகையை இறக்கியே வைக்கிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் உருவாகவும் சிடிகே6 வேண்டும். அதனால் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை இறங்கும். மஜ்ஜைச் செல்கள் சாவதில்லை, நின்றுதான் போகின்றன. இடைவெளி கிடைத்தால் மீள்கின்றன. ஒவ்வொரு 28 நாள் சுற்றும் தொடங்கும் முன்பும், முதல் இரண்டு சுற்றில் 15ஆம் நாளிலும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பது இதற்காகத்தான். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவோ, இடைவெளியைக் குறைக்கவோ வேண்டாம். கட்டியின் செல்களில் ஆர்.பி.யே இல்லாமல் போயிருந்தால் மட்டும் இந்த மருந்துக்குப் பிடிமானம் கிடையாது. இறக்கிவைக்க அங்கே பலகை இல்லை.