ஓட்டிங்கன் பிரபுக்களுக்கும் நோர்ட்லிங்கன் மதில் நகரத்துக்கும் என்ன தொடர்பு?

பக்கத்து வீட்டுப் பகைதான். ஜெர்மனியின் ரீஸ் சமவெளியில் பெரும்பகுதி நிலம் ஓட்டிங்கன் குடும்பத்துடையது. நடுவில் இருந்த நோர்ட்லிங்கனோ புனித ரோமானியப் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட நகரம். கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

1440-இல் ஓட்டிங்கன் பிரபு நகரைப் பிடிக்க, வாயிற்காவலர்களுக்குக் காசு கொடுத்து இரவில் வாயிலைப் பூட்டாமல் விடச் சொன்னாராம். கணவருக்கு பீர் வாங்கப் போன ஒரு பெண், கதவில் பன்றி முதுகைத் தேய்ப்பதையும் கதவு ஆடுவதையும் பார்த்துக் கூச்சல் போட்டாளாம். பன்றி சமாச்சாரம் ஊர்க்கதைதான். ஆனாலும், "ஸோ, க்ஸெல், ஸோ" ("அப்படியா, தோழா, அப்படியா" என்பது போல) என்று அவள் கத்தியதாகச் சொல்லப்படும் குரலை, டேனியல் எனப்படும் தேவாலயக் கோபுரத்தின் காவலர் இன்றும் இரவில் எழுப்புகிறார்.

1803-இல் நகரமும் 1806-இல் ஓட்டிங்கன் நாடும் பவேரியாவுக்குள் போயின. சுமார் 2.7 கிலோமீட்டர் மதில் மட்டும் அப்படியே நிற்கிறது. மேலேறி ஊரையே சுற்றி வரலாம்.