பிரேம் இல்லாத கன்வஸும் அதன் நாலு பக்கமும்: கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கன்வஸின் பக்கவாட்டைப் பற்றியவை. பிரேம் செலவு ஏறிய பிறகு எல்லோரும் அப்படியே ஆணியில் மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள், மாட்டிய பிறகுதான் பக்கம் கண்ணில் படுகிறது.

ஹட்டன்: பக்கத்தை வெள்ளையாகவே விட்டால் தப்பா?

தப்பில்லை, சுத்தமாக இருந்தால். பெருவிரல் அடையாளமும் வழிந்த நீலமும் உள்ள வெள்ளையை யாரும் வெள்ளை என்று சொல்லமாட்டார்கள். வேலை தொடங்கும்போதே பக்கத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, முடிந்த அன்றே கழற்றுங்கள்.

பண்டாரவளை: 24க்கு 36 அங்குலம், தேயிலை மலைக்காட்சி, அக்ரிலிக். பக்கத்துக்கு என்ன நிறம் பூசலாம்?

படத்தைப் பார்க்காமல் நிறம் சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை, ஆனால் வழி சொல்கிறேன். படத்திலேயே இருக்கிற கருமையான நிறத்தை எடுத்து (செடிகளின் அடிநிழல் அப்படித்தான் இருக்கும்) கொஞ்சம் சாம்பல் கலந்து மங்கவைத்து நாலு பக்கமும் ஒரே சீராகப் பூசுங்கள். டியூபிலிருந்து பிதுக்கிய கறுப்பு வேண்டாம், பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல் கட்டம் மாதிரி இருக்கும். காட்சியையே பக்கத்துக்கு இழுப்பது இன்னும் அழகு. டச்சு ஓவியர் மொன்ட்ரியான்கூட சில ஓவியங்களில் கோட்டைப் பக்கம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். ஆனால் கன்வஸை இழுத்து அடித்திருக்கிற மரச்சட்டம் முக்கால் அங்குலத் தடிப்பு என்றால் அது எடுபடாது, ஒன்றரை அங்குலமாவது வேண்டும். மலையின் கோடு முன்பக்கம் எந்த இடத்தில் முடிகிறதோ அதே இடத்தில் பக்கத்தில் தொடங்கவேண்டும். கொஞ்சம் விலகினாலும் மலை முறிந்துவிடும்.

நுவரெலியா: பக்கத்துக்குப் பூசிய அக்ரிலிக் ஒரே வாரத்தில் தூளாக உதிர்கிறது. நல்ல கம்பனி பெயின்ட்தான்.

எப்போது பூசினீர்கள் என்று எழுதவில்லை, ஜனவரி ராத்திரி என்று வைத்துக்கொள்கிறேன். அக்ரிலிக்கில் தண்ணீர் வற்றினால் மட்டும் போதாது, உள்ளே உள்ள நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து படலமாகவேண்டும். சுமார் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே அது ஒழுங்காக நடக்காது. உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில், புல்லில் உறைபனி விழுகிற ஊர். உதிர்கிறதைத் தேய்த்து எடுத்துவிட்டு, பகல் பதினொரு மணிக்கு, தண்ணீர் அதிகம் கலக்காமல் மறுபடி பூசுங்கள். மலைநாட்டில் காயும் கணக்கே வேறு, போத்தலில் போட்டிருக்கிற நேரத்தை இரண்டால் பெருக்குங்கள்.

தலவாக்கலை: பக்கத்தை மறைக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றலாமா? நேரம் மிச்சம்.

எங்கே இன்னும் காணோம் என்று பார்த்தேன், வந்துவிட்டது. சுற்றாதீர்கள். வயருக்குச் சுற்றுகிற சாமான் அது.

நானும் ஒரு காலத்தில் சுற்றியவன்தான். கண்டியில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி, ஏழு படம், எல்லாவற்றுக்கும் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து டேப் ஒட்டினேன். விளக்குச் சூட்டில் பசை இளகி, அடுத்த நாள் மத்தியானத்துக்குள் மூலைகளில் டேப் சுருங்கி விலகி, அந்த இடத்தில் பிசுபிசு என்று ஒரு கோடு. வாங்க வந்தவர் படத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். இறக்கி வைத்தபோது வெள்ளைச் சட்டைக் கையில் கறுப்புக் கறை. படம் விலைபோகவில்லை, சட்டைக்கு மன்னிப்பும் கேட்டேன். பிறகு உரித்துப் பார்த்தால் பசை கன்வஸ் இழைக்குள் இறங்கிக் கிடக்கிறது, அதன்மேல் பெயின்டும் நிற்கவில்லை.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன 24க்கு 36 கன்வஸின் ஒன்றரை அங்குலப் பக்கங்கள் நாலையும் சேர்த்தால் ஒன்றேகால் சதுர அடிதான். இரண்டு பூச்சுக்கு இரண்டு மேசைக்கரண்டி பெயின்ட். முன்பக்கம் நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் என்றால் விளிம்பில் ஒட்டு குறைந்த மாஸ்கிங் டேப்பை நகத்தால் அழுத்தி ஒட்டி, நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தை அதன் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்து இடுக்கை அடைத்துவிடுங்கள். பிறகு நிறம். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக உரியுங்கள். டேப் கழற்றுவதற்குத்தான், விட்டுவைப்பதற்கு இல்லை. காயவைக்கும்போது சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தம்ப் பின் குத்தி, அதன்மேல் படுக்க வையுங்கள். பழைய பத்திரிகைமேல் நிமிர்த்தி வைத்து, கீழ்ப்பக்கத்தில் ராசிபலனோடு படத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள்.

பதுளை: பக்கத்துக்கும் வார்னிஷ் அடிக்கவேண்டுமா, எப்போது?

அடிக்கவேண்டும். எப்போது என்பது எண்ணெய் வர்ணமா அக்ரிலிக்கா என்பதைப் பொறுத்தது, அதைத்தான் நீங்கள் எழுதவில்லை. அக்ரிலிக் என்றால் பத்து நாள். எண்ணெய் என்றால் ஆறு மாதம், தடிப்பாகப் பூசியிருந்தால் ஒரு வருடம். எண்ணெய் வழிந்த பக்கத்தின்மேல் அக்ரிலிக்கோ ஜெஸோவோ (கன்வஸுக்கு முதலில் பூசுகிற வெள்ளை அடிப்பூச்சு) பூசாதீர்கள், உரிந்து வரும்.

மஸ்கெலியா: மூலை மடிப்பு தடித்து நிற்கிறது, வெட்டிவிடலாமா?

கத்தியைக் கீழே வையுங்கள். மடிப்பைப் பிரித்து, மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் திருப்பி மடித்து, பின்னால் ஸ்டேப்பிள் அடியுங்கள். சுவரில் மாட்டிய படத்தில் இடமும் வலமும்தான் கண்ணில் படும். பின்னால் மிஞ்சுகிற துணியையும் வெட்டவேண்டாம், நாளைக்குத் தளர்ந்தால் பிடித்து இழுக்க அது வேண்டும்.

லிந்துலை: கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்ப பபிள் பேப்பர் போதுமா?

போதும், பெயின்டில் நேராகப் படாவிட்டால். கொழும்பு வெக்கையில் அக்ரிலிக் இளகி, பக்கமெல்லாம் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். கேக் தட்டில் விரிக்கிற ஒட்டாத காகிதம் முதலில், மேலே பபிள், வட்டங்கள் வெளியே பார்க்கட்டும். மூலைகளுக்கு மடித்த அட்டை. நேற்றுப் பூசியதை இன்று அனுப்பாதீர்கள், காயும் கணக்கு வேறு என்று மேலேயே சொன்னேன்.

கொட்டகலை: மழை மாதங்களில் கன்வஸின் பின்பக்கமும் கீழ்ப்பக்கமும் பூஞ்சணம் பிடிக்கிறது.

லயன் சுவரோ பங்களாச் சுவரோ, மழையில் இரண்டும் வியர்க்கும். கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டுங்கள், காற்றுப் போக இடம் கிடைக்கும். பிடித்ததை வெளியே கொண்டுபோய் உலரவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை என்றால் ஆணியை வேறு சுவருக்கு மாற்றுங்கள்.