புரோநோட்டுக் கையெழுத்தும் நிபுணர் சாட்சியும்

ஐயா, மேலூர் நீதிமன்றத்தில் நடக்கும் புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) வழக்கில், 2019-இல் தங்கள் தந்தையார் இட்டதாகச் சொல்லப்படும் கையெழுத்தின் ஜெராக்ஸ் நகலைத் தனியார் நிபுணருக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பேனாவின் அழுத்தமும் கை தயங்கி நின்ற இடமும் நகலில் சரியாகத் தெரியாது. அசல் நீதிமன்றத்தில் இருப்பதால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 26, விதி 10ஏ-யின்படி நீதிமன்ற ஆணையர் ஒருவரை நியமித்து, அவர் வழியே அதை நிபுணரின் ஆய்வுக்கு அனுப்பக் கோரித் தங்கள் வக்கீல் மனுத் தாக்கல் செய்வதே முறை. (செலவை முதலில் மனுதாரர்தான் கட்ட வேண்டியிருக்கும்.)

ஒப்பிடுவதற்கு, வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் படிவத்தில்) தந்தையார் இட்ட கையெழுத்தைக் காட்டினால், வழக்கு வந்தபின் மாற்றிப் போட்டது என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடும். ஆகவே 2018, 2019-ஆம் ஆண்டுகளில் அவர் கையெழுத்திட்ட கிரையப் பத்திரத்தையோ வங்கிப் படிவத்தையோ தேடியெடுங்கள். நிபுணருக்கான கேள்வியில் 'போலி' என்ற சொல்லே வேண்டாம். இரண்டும் ஒருவர் கைதானா என்று மட்டும் இருக்கட்டும்.