சயின்டிஃபிக் கால்குலேட்டர்: எந்தப் பொத்தான், எந்த வரிசை, எங்கே தப்பு வருகிறது

பொத்தான் வரிசைகள் எல்லாம் கேசியோவின் எஃப்எக்ஸ்-991எம்எஸ், எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் ஆகிய இரண்டுக்கும். கீழே சுருக்கமாக எம்எஸ், பிளஸ் என்று இருக்கும்.

கேள்வி: சார், சைன் 30 போட்டால் -0.988 வருகிறது. கால்குலேட்டர் கெட்டுவிட்டதா? திங்கட்கிழமை பரீட்சை.

பதில்: கெடவில்லை தம்பி, ரேடியனில் நிற்கிறது, அதாவது கோணத்தை டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற அலகில் எடுத்துக்கொள்கிறது. 30 ரேடியன் என்பது சுமார் 1719 டிகிரி. அதற்கு உரிய சைன் மதிப்பைத்தான் அது சரியாகச் சொல்கிறது. சைன் 30 போட்டதும் 0.5 வந்தால் டிகிரி, -0.988 வந்தால் ரேடியன், 0.4539 என்று தொடங்கினால் மூன்றாவது கோண அலகான கிரேடியன். திரையின் மேல் ஓரத்தில் சின்னதாகத் தெரியும் டி, ஆர், ஜி எழுத்தும் இதையே சொல்லும்.

எம்எஸ்ஸில் மோட் பொத்தானை அழுத்திக்கொண்டே போங்கள். டெக், ராட், கிரா மூன்றும் திரையில் வரும்போது 1 அழுத்தினால் டிகிரி, 2 அழுத்தினால் ரேடியன். பிளஸ்ஸில் ஷிஃப்ட், மோட் அழுத்தி 3 டிகிரிக்கு, 4 ரேடியனுக்கு.

தேர்வு அறைக்குள் போகும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னால், எம்எஸ்ஸில் ஷிஃப்ட், மோட், 3, சமக்குறி. பிளஸ்ஸில் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி, ஏசி. அழித்தவுடன் கோண அலகு டிகிரிக்குத் திரும்பிவிடும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொகையீட்டுக் கணக்குக்கு ரேடியன்தான் வேண்டும். 0 முதல் π வரை சைன் எக்ஸின் தொகையீடு ரேடியனில் 2. டிகிரியில் போட்டால் 0.0861 வரும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, அதனால் தப்பென்றே தெரியாமல் எழுதிவிடுவோம்.

கேள்வி: இயற்பியல் கணக்கில் 6.63×10⁻³⁴ × 3×10⁸ ÷ 5×10⁻⁷ போட்டால் எனக்கு 3.978×10⁻³³ வருகிறது. புத்தகத்தில் 10⁻¹⁹. எங்கே தப்பு?

பதில்: 10-ஐத் தனியாகப் பெருக்கி அடித்திருக்கிறீர்கள். அப்படி அடித்தால் கால்குலேட்டர் 5-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, அடுத்து வரும் 10⁻⁷-ஐ மேலே பெருக்கிவிடுகிறது. 10⁻⁷-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியதால் விடை 10¹⁴ மடங்கு குறைந்துவிட்டது.

எம்எஸ்ஸில் எக்ஸ்ப் பொத்தான், பிளஸ்ஸில் ×10 அடுக்கு என்று கீழ் வரிசையில் இருக்கும் பொத்தான். அதில் அடித்தால் 5×10⁻⁷ முழுவதும் ஒரே எண்ணாகக் கணக்கில் சேரும். அடிக்க வேண்டியது: 6.63, எக்ஸ்ப், கழித்தல், 34, பெருக்கல், 3, எக்ஸ்ப், 8, வகுத்தல், 5, எக்ஸ்ப், கழித்தல், 7. விடை 3.978×10⁻¹⁹.

இதன் எதிர்த் தப்பும் உண்டு. 5×10³-க்கு 5, பெருக்கல், 10, எக்ஸ்ப், 3 என்று அடிப்பார்கள். வருவது 50000. எக்ஸ்ப்புக்குள்ளேயே அந்தப் பத்து இருக்கிறது, மறுபடி அடிக்கக் கூடாது.

கேள்வி: அண்ணா, பழைய எம்எஸ்ஸில் சைன் 30 + காஸ் 60 போட்டால் 1. புதிதாக வாங்கிய பிளஸ்ஸில் 0.5075. ஒரே கம்பெனிதானே?

பதில்: பிளஸ்ஸில் சைன் அழுத்தியதுமே ஓர் அடைப்புக்குறி தானாகத் திறக்கும். நீங்கள் மூடவில்லை. அது 30 + காஸ் 60, அதாவது 30.5 டிகிரிக்கு சைன் கண்டுபிடித்திருக்கிறது. 30 அடித்ததும் மூடுங்கள். லாக், இயற்கை மடக்கை, டேன் எல்லாவற்றுக்கும் இதே பழக்கம் வேண்டும்.

கேள்வி: -3² க்கு -9 என்கிறது. 9 இல்லையா? அதேபோல 6÷2(1+2) க்கு 1 என்கிறது, நண்பன் 9 என்கிறான்.

பதில்: அடுக்கு முதலில், கழித்தல் குறி பிறகு. அதனால் -9 சரி. எதிர்மறை எண்ணை வர்க்கப்படுத்த வேண்டுமானால் (-3)² என்று அடைப்புக்குள் போடுங்கள். இரண்டாவதில், பெருக்கல் குறி இல்லாமல் ஒட்டி எழுதிய 2(1+2)-ஐ இந்த இரண்டு மாடலும் வகுத்தலுக்கு முன்பே முடித்துவிடும். 6÷2×(1+2) என்று குறியோடு அடித்தால் 9. 1÷2π-யும் இப்படித்தான், 1÷(2π) என்றே எடுத்துக்கொண்டு 0.1591 தரும். நீங்கள் எதை நினைக்கிறீர்களோ அதற்கு அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.

கேள்வி: புள்ளியியலில் திட்ட விலக்கம் எல்லாருக்கும் ஒன்று வருகிறது, எனக்கு வேறு. எம்எஸ் வைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, பழைய தரவு உள்ளேயே இருப்பது. எஸ்டி மோடுக்கு (புள்ளியியல் கணக்குக்கான மோட்) போனதும் ஷிஃப்ட், மோட், 1, சமக்குறி அழுத்தி அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் எம்+ பொத்தான். ஒவ்வொரு முறையும் திரையில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, சிக்மா என், சிக்மா என்-1 குழப்பம். 4, 6, 8, 10, 12 போட்டுப் பாருங்கள். ஷிஃப்ட், 2 அழுத்தினால் பட்டியல் வரும்: 1 சராசரி (8), 2 சிக்மா என் (2.8284), 3 சிக்மா என்-1 (3.1622). தரவு முழுத்தொகுதி என்றால் முந்தையது, மாதிரி என்றால் பிந்தையது. ஆய்வக அளவீடுகள் பெரும்பாலும் மாதிரிதான்.

கேள்வி: டிரிபிள்இ படிக்கிறேன் சார். 230 வோல்ட்டை 3+4i மின்மறுப்பால் வகுத்தால் எம்எஸ் 27.6 மட்டும் காட்டுகிறது. மின்னோட்டம் அதுவா?

பதில்: இல்லை, அது மெய்ப்பகுதி மட்டும். மேல் வலது மூலையில் R⇔I குறி தெரிந்தால் இன்னொரு பாதி ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஷிஃப்ட், சமக்குறி அழுத்துங்கள், -36.8i வரும்.

அளவும் கோணமும் வேண்டுமானால் மோட், 2-க்குப் போய் 230, வகுத்தல், அடைப்பு, 3, கூட்டல், 4, இஎன்ஜி (i அதில்தான் இருக்கிறது), அடைப்பு மூடி, ஷிஃப்ட், கூட்டல், சமக்குறி. 46 வரும். மறுபடி ஷிஃப்ட், சமக்குறி: -53.13. அதாவது 46 ஆம்பியர், 53.13 டிகிரி பின்தங்கி. கோணம் டிகிரியில் வர, திரையில் டி இருக்க வேண்டும். பிளஸ்ஸில் இதற்கு ஷிஃப்ட், 2, 3.

கேள்வி: 1÷200 போட்டால் 5×10⁻³ என்கிறது. 0.005 என்று காட்டாதா?

பதில்: எண்ணைத் திரையில் காட்டும் முறை நார்ம் 1-இல் இருக்கிறது, நார்ம் 2-க்கு மாற்றுங்கள். பிளஸ்ஸில் ஷிஃப்ட், மோட், 8, 2.

கேள்வி: 70! போட்டால் மேத் எரர் வருகிறது.

பதில்: 10¹⁰⁰-ஐத் தொட்டால் இந்த இயந்திரத்தின் எல்லை முடிந்தது. 69! ஏறத்தாழ 1.711×10⁹⁸, அதுதான் கடைசி. மற்ற எரர்களில் இடது அல்லது வலது அம்பை அழுத்துங்கள், தப்பு நேர்ந்த இடத்திலேயே கர்சர் போய் நிற்கும். முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டாம்.

கேள்வி: சர்வேயிங்கில் 12 டிகிரி 34 நிமிடம் 56 விநாடியைத் தசமமாக மாற்றுவது எப்படி?

பதில்: 12, டிகிரிப் பொத்தான் (° ’ ” குறி போட்டது), 34, டிகிரிப் பொத்தான், 56, டிகிரிப் பொத்தான், சமக்குறி. அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால் 12.5822. விநாடி இல்லாத கோணத்தில் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம். டிகிரி 0 என்றால் மட்டும் 0-ஐ அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நிமிடத்தை டிகிரியாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பையனுடைய கால்குலேட்டரில் வங்கிக் கடனின் மாதத் தவணை போட முடியுமா? 5 லட்சம், 9 சதவீதம், 5 வருடம்.

பதில்: முடியும் அம்மா. ஆண்டுக்கு 9 என்றால் மாதத்துக்கு 0.75 சதவீதம், அதாவது 0.0075. மாதங்கள் 60. அடிக்க வேண்டியது: 500000 × 0.0075 ÷ (1 - 1.0075, அடுக்குப் பொத்தான், கழித்தல், 60, அடைப்பு மூடி, சமக்குறி. அடுக்கு முடிந்ததும் பிளஸ்ஸில் வலது அம்பை ஒருமுறை அழுத்திவிட்டு அடைப்பை மூடுங்கள், இல்லையென்றால் அடைப்பு மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். விடை 10379 ரூபாய் சொச்சம். 60-க்கு முன்னால் இருக்கும் கழித்தல் விட்டுப்போனால் தவணை எதிர்மறையில் வரும்.