வயிற்றுவலி என்று எழுதி மூடிய கோப்பு

அன்புள்ள ஐயா,
பக்கத்து வீட்டு அண்ணன் தற்கொலையால் இறந்துபோனார். ஊரில் கோழை என்கிறார்கள். போலீஸ் ‘தீராத வயிற்றுவலி’ என்று எழுதி முடித்துவிட்டது. இத்தகைய சாவுகளை ஆராய அரசு குழு அமைத்தால் அதில் யார் யார் இருக்கவேண்டும்? குற்றவாளியைப் பிடிப்பார்களா?
ஒரு வாசகர், களியக்காவிளை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் துக்கம் புரிகிறது. ஆனால் ஊர் ‘கோழை’ என்றபோது நீங்கள் மறுத்தீர்களா? அந்த வீட்டுப் பிள்ளைகளின் காதிலும் அது விழும். அடுத்தமுறை வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள்.

குழுவில் யார் இருப்பது என்பதெல்லாம் அரசாணையில் வந்துவிடும். குற்றவாளியைப் பிடிப்பது அதன் வேலை அல்ல. அதற்குக் காவல்துறை இருக்கிறது. குழுவும் பழி தேடினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கேரளத்தில் பிரசவ மரணங்களை 2004 முதல் பெயர் நீக்கி, பழி சொல்லாமல் மருத்துவர்களே ஆராய்கிறார்கள். அதுதான் வழி.

எனக்குப் பொறுக்காதது அந்த வயிற்றுவலி. 2022இல் நாட்டில் பதிவான தற்கொலைகள் 1,70,924. அதில் பாதி ‘குடும்பப் பிரச்சினை’, ‘நோய்’ என்ற இரண்டே கட்டங்களில் அடங்கிவிட்டது. வயிற்றுவலி பொய்யென்று சொல்லவில்லை. மனச்சோர்வு பலருக்கு உடல்வலியாகத்தான் வெளிவரும். அங்கிருந்துதான் விசாரிக்கவே தொடங்கவேண்டும்.

ரப்பர் பால்வெட்டும் ஒருவர் என்று வையுங்கள். ஜூனில் மழை, வெட்டு இல்லை. ஜூலையில் குழுக்கடன் தவணை தவறுகிறது. ஆகஸ்டில் வயிற்றுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையம் போகிறார், ஓ.பி. சீட்டில் ஒரு மாத்திரை. தூக்கம் வருகிறதா என்று அங்கே யாராவது கேட்டார்களா? கடைசி ஓராண்டை இப்படி மாதம் மாதமாக எழுதி, எந்தப் படியில் யார் கைகொடுத்திருக்கலாம் என்று பார்ப்பதே குழுவின் கடமை. அவர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் இறந்தால் இறப்பு எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பதிவாகும், சீட்டு இங்கே தமிழ்நாட்டில் கிடக்கும். இரண்டும் ஒரே மேசைக்கு வரவேண்டும்.

வீட்டுக்குப் போகிறவர்கள் காரியம் முடிந்து சில வாரம் கழித்து, சம்மதம் கேட்டு, சீருடையில்லாமல் போகவேண்டும். மனைவியிடம் தனியாக, கூட வேலைசெய்தவரிடம் தனியாகப் பேசவேண்டும். கோப்பில் பெயரை மட்டும் அடித்தால் போதாது. சின்ன ஊரில் வயதும் தொழிலும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். ‘விழிப்புணர்வு தேவை’ என்று முடியும் பரிந்துரையைக் கிழித்துப்போடலாம். எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கவேண்டும். அடுத்த கூட்டம் அதிலிருந்து தொடங்கவேண்டும்.

அண்ணியைப் போய்ப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணை, எழுதிக் கொடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் எந்நேரமும் பேசலாம். உங்களுக்கும் தூக்கம் வரவில்லையென்றால் நீங்களும் கூப்பிடுங்கள்.