ஆறு கிலோமீட்டருக்கு எவ்ளோ? – வாசகர் கேள்வி பதில்

ஸ்டேஷன்ல இருந்து எங்க வீடு 6 கிலோமீட்டர் தான், ஆட்டோவுக்கு 150 ரூபாய் கேக்குறாங்க, மீட்டர்னு சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நீங்க என்னடான்னா ரேட்டை அரசாங்கம் நிர்ணயிக்கவே கூடாதுன்னு எழுதுறீங்க. கேக்க ஆள் இருக்கும்போதே இப்படின்னா, அதுவும் இல்லன்னா எங்க கதி என்ன சார்?
– ஒரு வாசகி, சென்னை

உங்க கோபம் நியாயமானது மேடம், ஆனா அந்த கேக்குற ஆள் என்ன பண்ணியிருக்காருன்னு கொஞ்சம் பாப்போம். 2013 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு போட்ட ரேட், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12. உங்க 6 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டா 75 ரூபாய் சொச்சம் வருது. அதுக்கப்புறம் பத்து வருஷம் தாண்டியும் அந்த ரேட்டை யாரும் தொடல, பெட்ரோல் 100ஐத் தாண்டிடுச்சு, இன்சூரன்ஸ், டயர், வீட்டு வாடகை எல்லாம் ஏறிடுச்சு, மீட்டர் மட்டும் 2013லயே நிக்குது. அந்த 75 ரூபாய்க்கு வண்டி ஓட்டினா கட்டுப்படியாகாதுன்னு டிரைவருக்குத் தெரியும், பிடிக்க வேண்டிய போலீஸுக்கும் தெரியும், அதனாலதான் யாரும் யாரையும் கேக்குறதில்ல.

போன மாசம் நான் ஏறின ஆட்டோல டிரைவர் மீட்டர் மேல ஒரு சிவப்புத் துண்டைச் சுத்தி வச்சிருந்தாரு, நான் கேட்டதுக்கு அவர் சொன்னது, "சார், இதைப் போட்டா சாயங்காலம் வண்டி ஓனருக்கு வாடகை குடுக்கவே பத்தாது, வீட்டுக்கு என்னத்த எடுத்துட்டுப் போறது?" வயசு அறுபது இருக்கும். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

மத்த ஊர்ல எல்லாம் அப்பப்போ ஏத்திட்டுத்தான் இருக்காங்க, கேரளாவுல 2022ல மினிமம் 30 ஆக்கினாங்க, மும்பைல 2025 பிப்ரவரில 26. ஆனா அதுவும் கமிட்டி, ஃபைல், ஸ்ட்ரைக்னு இழுத்து இழுத்துத்தான் வரும். என் வாதம் என்னன்னா, ரேட்டை ஆட்டோக்காரரே வைக்கட்டும், ஆனா ஏறுறதுக்கு முன்னாடியே தெரியணும், வண்டி வெளியில பெருசா எழுதி இருக்கணும், எழுதினதுக்கு மேல ஒரு ரூபாய் வாங்கினாலும் ஃபைன். அதைச் சரிபார்க்குற வேலையை மட்டும் அரசாங்கம் ஒழுங்கா பாக்கட்டும். உங்களைக் கஷ்டப்படுத்துறது விலை மட்டும் இல்ல மேடம், ராத்திரி பத்து மணிக்கு கைல பையோட நின்னு எவ்ளோ கேப்பாரோன்னு பயந்து பேரம் பேசுறோமே, அதுதான்.

நான் ஆட்டோ ஓட்டுறவன். ஓப்பனா விட்டா ஆப் கம்பெனிக்காரன் தான் சார் லாபம் பாப்பான், நூத்துக்கு 25 வரைக்கும் கமிஷன் எடுத்தவனுங்க தானே?
– ஒரு வாசகர், தாம்பரம்

ஆமாண்ணே, எடுத்தாங்க. ஆனா அது எப்படி கம்மியாச்சுன்னு பாருங்க. 2022 கடைசில பெங்களூர்ல டிரைவர் யூனியனும் சேர்ந்து நம்ம யாத்ரின்னு ஒரு ஆட்டோ ஆப்பைக் கொண்டு வந்தாங்க, கமிஷனே கிடையாது, பயணி குடுக்குறது முழுசா டிரைவருக்கு, அப்புறம் ஒரு நாளைக்கு சின்னத் தொகை கட்டினா போதும்னு வச்சாங்க. டிரைவருங்க அந்தப் பக்கம் சாய ஆரம்பிச்சதும் ரேபிடோ, ஓலா, ஊபர்னு ஒவ்வொருத்தரா ஆட்டோவுக்கு கமிஷனை விட்டுட்டு சந்தா முறைக்கு மாறினாங்க. கமிஷனை ஒழின்னு ஒரு சட்டமும் அதைச் செய்யல, போக இன்னொரு இடம் இருந்துச்சு, அவ்ளோதான். அதனால நீங்க அரசாங்கத்துக்கிட்ட கேக்க வேண்டியது ஆப்பைத் தடை பண்ணுன்னு இல்ல, புதுசா இன்னொருத்தன் வர்றதுக்கு வழியை அடைக்காதேன்னுதான். மழைநாள்ல ரேட் ஏறும், பயணிக்கு அது கஷ்டம்தான், நான் மறுக்கல, ஆனா ஏறினா வீட்டுல படுத்திருக்கிற நாலு பேர் வண்டியை எடுப்பாங்க.

எங்க அம்மா தள்ளுவண்டில கொய்யாப்பழம் விக்கிறாங்க. திடீர்னு வந்து வண்டி, தராசு, பழம் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. நீங்க சொல்ற சுதந்திர சந்தை எங்கள மாதிரி ஆளுக்கு உண்டா?
– ஒரு வாசகர், தென்மாவட்டம்

உங்களுக்குத்தான் தம்பி முதல்ல வேணும். பெரிய கடைக்காரர் லைசென்ஸுக்கு ஆள் வச்சு ஓடுவாரு, அம்மாவால முடியாது. 2014ல வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அம்மா பக்கம் இருக்கு. வியாபாரிகளைக் கணக்கெடுத்து சான்றிதழ் குடுக்குற வரைக்கும் யாரையும் கிளப்பக் கூடாது, இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் வேணும். பொருளை எடுத்தா லிஸ்ட் எழுதிக் குடுக்கணும், கொய்யா மாதிரி அழுகுற பொருள்னா நீங்க போய்க் கேட்ட அன்னைக்கே கட்டணம் வாங்கிட்டுத் திருப்பணும், வண்டி தராசெல்லாம் 2 வேலை நாளுக்குள்ள. இதையெல்லாம் பாத்துக்க ஊருக்கு ஊர் விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், அதுல நூத்துக்கு 40 பேராவது வியாபாரிங்களா இருக்கணும். நாளைக்கே அம்மாவைக் கூட்டிட்டு நகராட்சி ஆபீஸ் போங்க, லிஸ்டை எழுத்துல கேளுங்க, குடுக்கலன்னா கமிஷனர் பேருக்கு மனு எழுதி ரசீது வாங்கிடுங்க. அம்மா பேர் கணக்கெடுப்புல இருக்கான்னும் அங்கேயே பாத்துடுங்க.