சாக்லேட் இருக்கட்டும், விளக்கு எரியும் முட்டை வேண்டாம்

உங்கள் மாமனாருக்கு இருக்கும் சர்க்கரை நோய், ஈஸ்டர் பரிசுக் கூடையில் வைக்கும் சாக்லேட்டால் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் சாக்லேட்டால் அது வராது. சின்ன வயதில் வரும் முதல் வகை சர்க்கரை நோய் இனிப்பு தின்பதால் வருவதே இல்லை. இனிப்பு தின்றால் பிள்ளைகள் அடங்காமல் ஆடுவார்கள் என்று இணையத்தில் படித்ததையும் விட்டுத்தள்ளுங்கள். அதை ஆய்வுகளில் சோதித்துப் பார்த்து, இல்லை என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். இரவில் பல் துலக்க வையுங்கள், போதும். தாத்தா சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டரை எடுத்து மூன்று வயதுக் குழந்தையின் விரலை வாராவாரம் குத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் சாக்லேட்டுக்குப் பதிலாக நீங்கள் ஞாயிறு சந்தையில் வாங்கி வைத்திருக்கும் சாமான்கள்தான். விளக்கு எரியும் பொம்மை முட்டைக்குள் இருப்பது, காசு போல வட்டமான பட்டன் பேட்டரி. பல குளுக்கோமீட்டரிலும் அதேதான் இருக்கும். பொம்மை கீழே விழுந்தால் மூடி கழன்று வந்துவிடும். பளபளவென்று இருப்பதைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அது உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் (அல்கலி) உண்டாகி, சதையை அரிக்க ஆரம்பிக்கும். 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் ஆகிவிடும். விளக்கு எரியாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும்.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று எச்சில் ஒழுக்குகிறது, சோறு இறங்கவில்லை என்று அழுகிறது, இருமுகிறது என்றால் சளி மருந்து ஊற்றிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். பேட்டரி காணாமல் போய், குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள். புதுச்சேரி ஜிப்மர் போல, குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து எடுப்பது) செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய், "பேட்டரியாக இருக்கலாம்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசு மாதிரியே தெரியும். ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் பேட்டரி என்று புரியும்.

வாழைப்பழம் கொடுத்து வெளிக்குப் போகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. தேன் கையில் இல்லையென்றால் அதற்காகக் கடை தேடி அலைய வேண்டாம். வேறு எதுவும் கொடுக்காதீர்கள்.

காந்த உருண்டைகளும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கி ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் ஊறும் கலர் மணிகள் வயிற்றுக்குள் பெருத்துக் குடலை அடைக்கும். இரண்டையும் வீட்டிலேயே வைக்காதீர்கள்.

ஈஸ்டர் கூடைக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. மூத்தவளுக்குக் கலர் பென்சில், ஸ்கிப்பிங் கயிறு, தொட்டியில் போட வெண்டை விதை. சின்னவனுக்கு ஒரு துணிப் பொம்மை, படப் புத்தகம், வெங்காயத் தோல் போட்டு அவித்துச் சிவக்க வைத்த முட்டை. நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் காத்திருந்த பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு சாக்லேட்டும் வையுங்கள். சின்னவனுக்கு வேர்க்கடலை மட்டும் இப்போது வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.